திருப்பித் தர வேண்டாத தட்டு

பக்கத்துப் பண்ணை லவோன் வந்தபோது மார்லிஸ் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். லவோன் பின்வாசல் வழியாகத்தான் வந்தாள். அயோவாவின் இந்த மூலையில் முன்வாசல் மணியை அடிப்பவர்கள் இன்ஷூரன்ஸ் விற்கிறவர்களும் வேற்றுச் சபைப் பிரசங்கிகளும்தான். அக்கம்பக்கத்தார் பூட்ஸில் ஒட்டிய பனியைப் பின்கட்டில் உதறிவிட்டு நேராக அடுப்படிக்கே வந்துவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை. மார்லிஸ் அன்று சர்ச்சுக்குப் போகவில்லை. தலையீற்றுக் கிடாரி ஒன்று விடியற்காலையிலிருந்து கொட்டிலில் படுத்தியெடுத்துவிட்டது. கன்றின் கால்களில் சங்கிலி கட்டி இழுத்து, தாயையும் பிள்ளையையும் பிழைக்கவைத்துவிட்டு, முழங்கைவரை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டு இப்போதுதான் அடுப்படிக்கு வந்திருந்தாள். அப்பா ஆர்விட் தானே காரை எடுத்துக்கொண்டு போயிருந்தார். எண்பதைத் தாண்டியும் சர்ச்சுக்கு மட்டும் அவர்தான் ஓட்டுவார், எதிரே வருகிறவன் ஒதுங்கிக்கொள்வான் என்கிற நம்பிக்கையில். சூ ஃபால்ஸிலிருந்து தம்பி கர்ட்டிஸும் அவன் மனைவி நாடீனும் நேரே சர்ச்சுக்கு வந்து, ஆராதனை முடிந்து கீழ்த்தளத்தில் காப்பி குடித்துவிட்டு, அப்பாவோடு மதியச் சாப்பாட்டுக்கு வருவதாக ஏற்பாடு.

கர்ட்டிஸ் வருகிற ஞாயிறென்றால், கொத்திய மாட்டிறைச்சியைச் சாறோடு பன்னுக்குள் வைத்துத் தருகிற ஸ்லாப்பி ஜோதான். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு அது போதும். டப்பா சாஸை இறைச்சியில் கொட்டிக் கிளறிவிட்டு அதற்கும் ஸ்லாப்பி ஜோ என்று பெயர் வைக்கிறவர்களை மார்லிஸ் ஒரு பொருட்டாக மதித்ததில்லை. நாடீன் அந்த ரகம்.

"காப்பிக்கு நிக்கலியா?" என்று கேட்டாள் மார்லிஸ்.

"எங்க நிக்கறது? உங்கப்பாவும் கர்ட்டிஸும் பேச ஆரம்பிச்சாச்சு, அந்த வாசல்படியைத் தாண்டவே ஒரு மணி நேரம் ஆகும். அதுக்குள்ள உன்ன ஒரு எட்டு பாத்துட்டுப் போயிடலாம்னு வந்தேன்டி." லவோன் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. கையிலிருந்த தட்டை மேஜையில் வைத்தாள். வேர்க்கடலை வெண்ணெயும் சாக்லேட்டும் போட்டுத் துண்டு போட்ட இனிப்பு. "உனக்குப் பிடிக்கும்னு செஞ்சேன்."

மார்லிஸ் கையைத் துடைத்துக்கொண்டு தட்டைத் தூக்கி அடியைப் பார்த்தாள். அதை யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். இந்த ஊரில் ஒரு பாத்திரம் வீட்டைவிட்டு வெளியே போனால், அதன் அடியில் வெள்ளை டேப் ஒட்டி, அதில் பேனாவால் சொந்தக்காரி பெயர் எழுதியிருக்கும். பாத்திரத்தை ஒரு மாதத்துக்குள் கழுவித் துடைத்துத் திருப்பித் தர வேண்டும். வெறும் பாத்திரமாகத் தருகிறவளைப் பற்றி அடுத்த ஞாயிறு காப்பியின்போது பேசுவார்கள். லவோனின் நீலக் கண்ணாடித் தட்டு இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்குமாக எத்தனை தடவை நடந்திருக்கிறதோ, கணக்கே கிடையாது.

இந்தத் தட்டின் அடியில் டேப் இல்லை, பெயர் இல்லை. கடையில் வாங்கிய அலுமினியத் தகட்டுத் தட்டு. அழுத்திப் பிடித்தால் நெளிகிறது.

இப்படித் தூக்கி எறிகிற தட்டில் இங்கே யாரும் யாருக்கும் பண்டம் கொண்டுவர மாட்டார்கள், இரண்டு சமயங்களைத் தவிர. சாவு விழுந்த வீட்டில் பாத்திரம் கழுவத் தெம்பிருக்காது என்று கொண்டுவருவார்கள். ஊரைவிட்டுப் போகிறவர்களுக்கு, திருப்பித் தர அலைய வேண்டாமே என்று கொண்டுவருவார்கள்.

"யார் செத்தா?" என்றாள் மார்லிஸ்.

"ஐயோ, யாரும் சாகலடி!"

"அப்ப நான் எங்க போறேன்?"

லவோன் சிரிக்கப் பார்த்தாள். மார்லிஸ் சிரிக்கவில்லை. லவோனின் முகத்தில் இருந்த நிறமெல்லாம் இறங்கிப்போயிற்று. பக்கத்திலிருந்த நாற்காலியில் கோட்டோடு உட்கார்ந்துவிட்டாள்.

"உனக்குத் தெரியாதா?"

"என்ன தெரியாதா?"

"மார்லிஸ், சத்தியமா உனக்குத் தெரியும்னு நெனச்சுட்டேன்டி. கர்ட்டிஸ் போன வாரம் வந்து எங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டான், மார்ச் ஒண்ணாந்தேதியிலேருந்து உங்க நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக்கறீங்களான்னு. மாட்டையெல்லாம் வித்துடப்போறானாம். வீட்டை இடிச்சுக் கட்டி ரிட்டயர் ஆனதும் இங்க வந்துடுவானாம். நீ டவுன்ல அபார்ட்மெண்ட்டுக்குப் போக ஒத்துக்கிட்டே, உனக்கும் முதுகு வலி, நீயே சந்தோஷமா இருக்கேன்னான். நாங்களும் நம்பிட்டோம்."

"நிலம் அப்பாவோடது. அவன் யாரு குத்தகைக்கு விட?"

லவோன் கோட்டுப் பொத்தானைத் திருகினாள். "அறுவடை சமயத்துலயே உங்கப்பா வக்கீலாபீஸ்ல எல்லாத்தையும் அவன் பேருக்கு எழுதிக் குடுத்துட்டாராம்."

அறுவடை சமயம். மார்லிஸுக்கு உடனே ஞாபகம் வந்தது. மறக்கிற நாளா அது? சோளம் வயலில் காய்ந்து நிற்க, மழை வருமென்று ரேடியோ பயமுறுத்திக்கொண்டிருக்க, அறுவடை இயந்திரத்தை நட்டநடு வயலில் நிறுத்திவிட்டு அப்பாவை டவுனுக்கு ஏற்றிக்கொண்டு போனாள். கண் மங்குகிறது, கண் டாக்டரைப் பார்த்தே ஆகவேண்டும் என்று அப்பா அடம்பிடித்தார். கண் டாக்டரின் வாசலும் வக்கீலின் வாசலும் ஒரே கட்டடத்தில் அடுத்தடுத்து இருந்தன. "நீ எதுக்கும்மா உள்ள? போய் டிராக்டர் பெல்ட்டை வாங்கு" என்று அனுப்பிவைத்தார். அவள் திரும்பி வந்தபோது வாசலில் நின்றுகொண்டிருந்தார், பழைய கண்ணாடியோடு. கண் நல்லா இருக்காம் என்றார். சந்தோஷத்தில் அவள் அவருக்கு ஐஸ்க்ரீம் வாங்கிக் கொடுத்தாள்.

அவரைத் தானே வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்கிவிட்டிருக்கிறாள். அதுதான் நெஞ்சில் கத்தியாக இறங்கியது.

அம்மா போனபோது மார்லிஸ் சூ சிட்டியில் நர்ஸ் படிப்பில் இருந்தாள். கர்ட்டிஸ் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். அப்பா வந்து அழைத்தார். இந்த மேஜையில்தான், இதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "நீ வந்து இதைக் காப்பாத்தும்மா. இந்த வீடும் நிலமும் உனக்குத்தான். நான் சொன்னா சொன்னதுதான்" என்றார். அவள் வந்தாள். சமைத்தாள், விதைத்தாள், மாட்டுக்குப் பிரசவம் பார்த்தாள். தம்பியைப் படிக்கவைத்து அனுப்பினாள். கேட்டு வந்த ஒரு நல்ல மனிதனையும் அப்பாவைத் தனியாக விட முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டாள். எழுத்தில் வேண்டும் என்று ஒருநாளும் கேட்கவில்லை. சொந்த அப்பாவிடம் எந்த முட்டாள் கையெழுத்துக் கேட்பாள்?

"நான் இருக்கட்டுமா?" என்றாள் லவோன். அவள் கண் கலங்கியிருந்தது.

"வேண்டாம். நீ போ."

"எங்க மாடி ரூம் காலியாத்தான் கிடக்கு. எப்ப வேணாலும் வா, என்ன? கதவுகூடத் தட்டாத."

லவோன் போனதும் மார்லிஸ் நின்ற இடத்திலேயே நின்றாள். பிறகு வெங்காயத்தை எடுத்தாள். வேறு என்ன செய்வது? பன்களை நேற்றே சுட்டு வைத்தாயிற்று. இறைச்சி பனி உருகித் தயாராக இருந்தது. அவள் வளர்த்து, அவளே அறுப்புக்கு அனுப்பிய மாடு.

இறைச்சியைப் பெரிய வாணலியில் போட்டு மரக்கரண்டியால் குத்திக் குத்தி உடைத்தாள். அன்றைக்குக் குத்தியதில் கொஞ்சம் கூடுதல் வேகம் இருந்தது என்றால் அதில் ஆச்சரியமில்லை. பழுப்பு ஏறியதும் கொழுப்பை வடித்தாள். வெங்காயம், குடைமிளகாய், பூண்டு. அவை வதங்கியதும் கெட்சப், தக்காளி விழுது, கடுகு சாஸ், ஒரு பிடி பழுப்புச் சர்க்கரை, கொஞ்சம் வினிகர். கடைசியில் அம்மாவின் கைப்பக்குவம்: வெள்ளரி ஊறுகாய் ஜாடியிலிருந்து ஒரு கரண்டித் தண்ணீர். எல்லாவற்றையும் அண்டா மாதிரியான மின்சார ரோஸ்டருக்கு மாற்றி மூடி போட்டாள். அது அவள் முட்டை விற்ற காசில் தனக்கென்று வாங்கிய ரோஸ்டர். ஊரில் கல்யாணம், பட்டமளிப்பு, ஈமச் சாப்பாடு எதுவானாலும் அது இல்லாமல் நடக்காது.

உப்பை அள்ளிப் போட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றாமல் இல்லை. செய்யவில்லை. சோற்றில் கோபத்தைக் காட்டுகிறவள் இல்லை அவள். தவிர, அடிமனதில் ஒரு சின்ன நப்பாசை கிடந்தது. ஒருவேளை லவோன் தப்பாகக் கேட்டிருக்கலாம். ஒருவேளை இன்றைக்குத்தான் சொல்வதாக இருக்கிறார்களோ என்னவோ. அப்பா தன் வாயால் சொல்லிவிட்டால், "தப்புப் பண்ணிட்டேம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அவள் அழுவாள், கத்துவாள், அப்புறம் அவருக்கு இன்னொரு பன் எடுத்து வைப்பாள். தன்னைப் பற்றி அவளுக்குத் தெரியும்.

இனிப்புத் துண்டுகளை ஒரு பீங்கான் தட்டுக்கு மாற்றிவிட்டு, தகட்டுத் தட்டைக் கழுவி ஓரமாகச் சாய்த்து வைத்தாள்.

மூவரும் வந்தார்கள். குளிரும் ஷூச் சத்தமும் சிரிப்புமாக அடுப்படி நிறைந்தது.

"அடடா, வாசல்லயே வாசனை! அக்கா, நீ மட்டும் ஒரு கடை போட்டா ஊரே காலி" என்றான் கர்ட்டிஸ். தொப்பியைக் கழற்றிக்கொண்டே ரோஸ்டரின் மூடியைத் தூக்கிப் பார்த்தான். நரை விழுந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை.

"கையக் கழுவுடா முதல்ல."

ஆர்விட் தன் இடத்தில் உட்கார்ந்தார். "கிடாரி என்னாச்சும்மா?"

"கன்னு போட்டுடுச்சு. பொட்டைக் கன்னு. ரெண்டும் நல்லா இருக்கு."

"நல்லது. நல்லது" என்று மேஜைத் துணியைத் தடவிக்கொண்டார்.

கர்ட்டிஸ் ஜெபம் சொன்னான். தலை குனிந்து, கண் மூடி, கொடுத்ததற்கெல்லாம் நன்றி சொன்னான். யார் கொடுத்தது என்று மார்லிஸ் நினைத்துக்கொண்டாள். ஆமென் சொல்லும்போது அவள் வாய் திறக்கவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை.

பன்னைப் பிளந்து இறைச்சியை அள்ளி வைத்து, சாறு விரல் வழியே வழிய வழியச் சாப்பிட்டார்கள். கர்ட்டிஸ் முதல் பன்னை எடுத்த வேகத்தில் முடித்தான். ஆர்விட் பன்னைக் கையில் பிடிக்க முடியாமல் முள்கரண்டியால் சாப்பிட்டார். மோவாயில் வழிந்ததை மார்லிஸ் பழக்கத்தில் எட்டித் துடைத்துவிட்டாள். துடைத்த பிறகுதான் தன் கையின் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

"அப்பா, இந்த வசந்தத்துல கொட்டில் கூரையை மாத்திடலாமா? ஒழுகுது" என்றாள்.

ஆர்விட் மென்றுகொண்டே இருந்தார். "பாக்கலாம்மா."

"விதைக்குச் சொல்லணும். ஏற்கனவே லேட்டு."

"அதுக்கென்ன அவசரம்" என்று கர்ட்டிஸ் குறுக்கே வந்தான். "இந்த வருஷம் குளிர் போறதாத் தெரியல. சூ ஃபால்ஸ்ல என்ன காத்து தெரியுமாக்கா? காரோட கதவையே திறக்க முடியல."

அப்புறம் காற்றைப் பற்றிப் பேசினார்கள். பனியைப் பற்றிப் பேசினார்கள். பாஸ்டரின் பிரசங்கம் நீளம் என்று பேசினார்கள். அவர்கள் சொல்வதற்காக மார்லிஸ் பேச்சில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே இருந்தாள். ஒருவரும் உள்ளே வரவில்லை.

"மார்லிஸ், இதை எனக்கும் சொல்லிக் குடுங்களேன்" என்றாள் நாடீன். "நான் டப்பாவைத் திறந்தா இவர் மூஞ்சி போற போக்கைப் பாக்கணுமே. எங்கக்கா மாதிரி வராது, எங்கக்கா மாதிரி வராதுன்னு."

"சொல்றேன். கஷ்டமே இல்ல. பொறுமை வேணும், அவ்வளவுதான்."

நாடீனின் கண் அடுப்படியைச் சுற்றியது. ஜன்னலில் நின்றது. அலமாரியில் நின்றது. பெட்டியும் பட்டியலும் அவள் தலைக்குள் ஓடுவது முகத்தில் தெரிந்தது. கெட்ட பெண் என்று சொல்ல முடியாது, வாயை அடக்கத் தெரியாதவள். கண் கடைசியில் ரோஸ்டரில் வந்து நின்றது.

"இந்த ரோஸ்டர் வீட்டோடதா, உங்களோடதா?" என்று கேட்டுவிட்டாள்.

கர்ட்டிஸின் கையிலிருந்த பன் தட்டில் விழுந்தது. "நாடீன்!"

மார்லிஸ் எழுந்தாள். ஒயரைப் பிடுங்கிவிட்டு, ரோஸ்டரை ஒரு பக்கமாகச் சாய்த்து அடியைக் காட்டினாள். பழுப்பேறிய டேப்பில் கொட்டை எழுத்தில் அவள் பெயர் இருந்தது.

"பேர் இருக்கு பாரு. இந்த வீட்டுல என் பேர் எழுதியிருக்கறது இது ஒண்ணுலதான்."

மார்லிஸ் அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, கண் டாக்டர் என்ன சொன்னார்?"

ஆர்விட் தலையை நிமிர்த்தவில்லை. காது கேட்காத மாதிரி இருப்பது அவருக்குக் கைவந்த கலை. ஆனால் காது சிவந்துகொண்டே போனது.

"என்னம்மா கேக்கறே?"

"அறுவடையை நிறுத்திட்டு உங்களைக் கூட்டிட்டுப் போனேனே. ஐஸ்க்ரீம்கூட வாங்கிக் குடுத்தேனே. அன்னிக்குக் கண் டாக்டர் என்ன சொன்னார்?"

"சொல்லணும்னுதாம்மா இருந்தேன்" என்றார் ஆர்விட் மெதுவாக. "நேரம் அமையல."

"தினம் மூணு வேளை உங்க எதிர்லதான் உக்காந்து சாப்பிடறேன்."

"அக்கா, கொஞ்சம் நிதானமாப் பேசலாம்" என்றான் கர்ட்டிஸ். குரலில் அலுவலகக் குழைவு வந்துவிட்டது. "நீ வருத்தப்படுவேன்னுதான் சொல்லல. உனக்கு ஒரு குறையும் வைக்க மாட்டோம். டவுன்ல அபார்ட்மெண்ட் பாத்தாச்சு. புதுசு. படிக்கட்டே கிடையாது. இனிமே பனியில சாணி அள்ள வேண்டாம். நீயும் எத்தனை நாள்தான் மாடாட்டம் உழைப்பே?"

"இத்தனை நாள் உழைச்சேனே, அப்ப எங்கடா போச்சு இந்தக் கரிசனம்?"

"பையன்தானேம்மா" என்றார் ஆர்விட். இப்போதுதான் நிமிர்ந்தார். கண்ணில் நீர் நின்றது. அது பொய் நீர் இல்லை. அதைப் பார்க்க மார்லிஸுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. "எங்கப்பா எனக்குக் குடுத்தார். அவங்கப்பா அவருக்குக் குடுத்தார். பேர் நிக்கணுமில்ல? உனக்கப்புறம் யாரு இருக்கா?"

"எனக்கப்புறம் யாரும் இல்லாததுக்கு யாருப்பா காரணம்?"

அவர் மறுபடியும் மேஜைத் துணியைத் தடவினார்.

"அப்பாவைப் பேசாதக்கா" என்றான் கர்ட்டிஸ். "அவர் உன்ன விட்டுக்குடுக்கல. அந்த அபார்ட்மெண்ட்ல ரெண்டு பெட்ரூம். ஒண்ணு உனக்கு, ஒண்ணு அப்பாவுக்கு. அவர் உன்கூடத்தானே இருக்கப்போறார். உன் சமையல் இல்லாம அவரால இருக்க முடியுமா?"

மார்லிஸ் தம்பியையே பார்த்தாள். அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நல்ல செய்தியைக் கடைசியில் வைத்திருந்து சொன்னவனைப் போல முகத்தை வைத்துக்கொண்டிருந்தான். நிலம் அவனுக்கு, வீடு அவனுக்கு, அப்பா அவளுக்கு. அப்பாவும் அதற்குத் தலையாட்டியிருக்கிறார். நிலத்தை மகனிடம் கொடுத்துவிட்டு, தன்னை மட்டும் மகளிடம் கொடுத்திருக்கிறார். அவள் மாட்டேன் என்று சொல்லக்கூடும் என்று அந்த இரண்டு பேருக்கும் ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

லவோன் சொன்னபோது நெஞ்சில் இறங்கிய கத்தி இப்போது வலிக்கவில்லை. உள்ளே எதுவோ அறுந்து ஒரேயடியாக லேசாகிவிட்டது.

மேலே போனாள். கொஞ்ச நேரத்தில் ஒரு பையோடு இறங்கி வந்து அதைப் பின்கதவருகே வைத்தாள். மூவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். நாடீன் அழுதுகொண்டிருந்தாள்.

"கர்ட்டிஸ், அஞ்சு மணிக்குக் கன்னுங்களுக்குப் புட்டிப்பால். வெதுவெதுப்பா இருக்கணும், சூடா இருந்தா பேதி ஆகும். வெள்ளை நெத்திக் கன்னு குடிக்காம அடம்பிடிக்கும், விரலைச் சப்பக் குடுத்துப் பழக்கணும். தண்ணித் தொட்டி உறைஞ்சுடும், கோடாலி கதவுக்குப் பின்னால இருக்கு. புதுத் தாய்கிட்ட முதுகைக் காட்டாத, முட்டும்."

"அக்கா, எனக்கு நாளைக்கு ஆபீஸ் இருக்கு!"

"நெலத்துக்காரனுக்கு ஏதுடா ஆபீஸ்?"

"எங்க போறே? கோபத்துல முடிவெடுக்காதே. அப்பாவை யாரு பாத்துப்பா?"

மார்லிஸ் காலையில் கழுவி வைத்த தகட்டுத் தட்டை எடுத்தாள். ரோஸ்டரில் மீந்திருந்த இறைச்சியை ஒரு துளி விடாமல் வழித்து அதில் போட்டாள். ஓரத்தைத் துடைத்து, மேலே காகிதம் போட்டு மூடினாள். ரோஸ்டரைக் கழுவித் துடைத்து, ஒயரைச் சுற்றி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். பிறகு தட்டைக் கொண்டுவந்து அப்பாவின் கையில் கொடுத்தாள்.

"ராத்திரிக்குச் சூடு பண்ணிச் சாப்பிடுங்க."

ஆர்விட் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கனத்தில் தட்டு நெளிந்தது. வாழ்நாள் பழக்கம், யாருடைய பாத்திரம் என்று பார்க்க அதைக் கண்ணுக்கு நேரே தூக்கி அடியைப் பார்த்தார். பார்த்தவரின் கை அப்படியே நின்றுவிட்டது. அவருக்கும் இந்த ஊர்தானே. கண்ணிலும் ஒரு கோளாறும் இல்லை.

"மார்லிஸ்" என்றார்.

அவள் கோட்டை மாட்டிக்கொண்டு பையை எடுத்தாள்.

"திருப்பித் தர வேண்டாம்ப்பா" என்று சொல்லிவிட்டுப் பின்கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.